உப்புத் தண்ணீர் குடித்த வண்டி

அக்டோபர் 1, புதன்

வெள்ளைமுனைப் படகுக் குழாமில் இந்த வருடம் நடந்த ஆயுத பூஜை மாதிரி இதுவரை நடந்ததில்லை. என் வாயால் நானே சொல்லக் கூடாதுதான், ஆனால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. முதலாளி தியாகராசன் சார் மதுரையில் இருக்கிறார். "சிம்பிளா முடிச்சிருங்கம்மா" என்று வாட்ஸப் அனுப்பியதோடு அவர் பக்தி முடிந்தது. வண்டி ஓட்டும் வின்சென்ட் வேதக்காரன். கூப்பிட்டால் வந்து கைகட்டி நிற்பான், சுண்டல் என்றால் இரண்டு தரம் வாங்குவான். மிச்சம் இருப்பது டிக்கெட் கவுண்டரில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் மங்களேஸ்வரி. அதாவது நான்.

பெடல் படகு ஆறு, துடுப்புப் படகு நாலு, எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் வாட்டர் ஸ்கூட்டர். கடல்மேல் ஓடும் மோட்டார் பைக் என்று என் நாத்தனாருக்கு விளக்கினேன், உடனே புரிந்துகொண்டாள். வருகிற கூட்டத்தில் பாதி அதில் ஏறத்தான் வருகிறது. வின்சி காலையிலேயே அதைக் கழுவித் துடைத்துத் தயாராக நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனான். நான் அதோடு விடவில்லை. பூஜை என்றால் ஒரு சாமான் விடுபடக் கூடாது. ஸ்பேனர், விசில், லைஃப் ஜாக்கெட், டிக்கெட் மிஷின், கயிறு எல்லாம் மேஜைக்கு வந்தன. வண்டியின் பின்பக்கம் அடியில் இரண்டு மஞ்சள் மூடிகள் இருக்கின்றன, உள்ளே சேரும் தண்ணீரைக் கரையில் வைத்து வடிப்பதற்காக. திருகினால் கையோடு வந்துவிட்டன. அவற்றுக்கும் சந்தனம், குங்குமம் இட்டுப் பொரித் தட்டில் வைத்தேன். குட்டியாக, அழகாக இருந்தன. வண்டியின் பின்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினேன். முகப்பில் சம்பங்கி மாலை.

வின்சி திரும்பி வந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, வண்டிக்குக் கல்யாணமா?" என்றான். பொறாமை.

அக்டோபர் 2, வியாழன்

நாசமாய்ப் போயிற்று.

காலை பத்தே முக்காலுக்கு நல்ல நேரம் தொடங்கியது. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து எல்லாம் முடிக்க பதினொன்றரை ஆகிவிட்டது. வண்டியை இறக்குவதற்கு முன் பின்னால் கைவிட்டுத் தடவிப் பார்ப்பது வின்சியின் வழக்கம். வாழைக்கன்று மறைத்துக்கொண்டிருந்தது. "டேய், நல்ல நேரம் முடியப் போவுது, இறக்குடா!" என்றேன். இறக்கினான்.

இருநூறு அடி அழகாகப் போனான். முதலாளிக்குப் போட்டோ அனுப்ப வேண்டுமே என்று, "அங்கனயே நிறுத்து, நகராத" என்று கத்தினேன். நிறுத்தினான். மாலை தெரியவில்லை, முகத்தைத் திருப்பு, சிரி என்று பதினோரு போட்டோ எடுத்தேன். இப்போது அவற்றை வரிசையாகப் பார்த்தால் வண்டியின் பின்பக்கம் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்கிறது. ஏழாவதில் வின்சி சிரிப்பை நிறுத்திவிட்டான். பதினொன்றாவதில் வண்டியின் மூக்கும் சம்பங்கி மாலையும் மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கின்றன, பக்கத்தில் வின்சியின் தலை.

வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் பைபர் படகில் கட்டி இழுத்து வந்தார்கள். கரைக்கு வந்ததும் வின்சி பின்னால் குனிந்து பார்த்தான். "மூடி போடலக்கா. மூடினேன்னுதான் நெனப்பு. மறந்துட்டேன் போல" என்றான். எனக்கு அந்த நேரம் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. காலையிலிருந்து கத்தியது காரணமாக இருக்கும்.

முதலாளிக்குப் போன் போட்டேன். யார் பொறுப்பு என்று கேட்டார். வின்சியே போனை வாங்கி, "நாந்தான் சார்" என்றான். தினசரிப் பதிவேட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். 'ஓட்டுநர் ஆ. வின்சென்ட் பின்மூடிகளைப் போட மறந்ததால் வண்டி மூழ்கியது' என்று எழுதினேன். அவன் சொன்னதைத்தானே எழுதினேன்.

இதில் ஒரு பெரிய சிக்கல். மாவட்டத்தில் கடற்கரை உயிர்காப்பாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். பதினேழாம் தேதி வின்சிக்கு நேர்முகம். இங்கே சேர்ந்ததிலிருந்து நாலு வருடமாக அவன் காத்திருக்கும் வேலை. இப்போது வேலை பார்க்கும் இடத்திலிருந்து நன்னடத்தைக் கடிதம் கொண்டுபோக வேண்டும். முதலாளி என்னிடம் சொன்னது இது: "வண்டி ஓடுனா லெட்டர் தர்றேன். ஓடலன்னா நீங்க எழுதுன பதிவோட காப்பிதான் அவனுக்கு லெட்டர்."

நான் எழுதிய பதிவு.

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். கம்பெனி ஆள் தீபாவளி கழித்துத்தான் வர முடியுமாம். அதுவரை உப்புத் தண்ணீர் உள்ளே நின்றால் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடலாம். ஆகவே சீனி முகமதைப் பிடித்தேன். மீன்பிடிப் படகு எஞ்சின் என்றால் இந்தக் கரை முழுக்க சீனி பாய்தான். ஆனால் அவர் நாகப்பட்டினத்தில் ஒரு விசைப்படகின் வயிற்றுக்குள் இருந்தார். போனில் சுத்தியல் சத்தம் கேட்டது.

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீகளா?" என்றார்.

பண்ணவில்லை. வின்சியை அதற்காகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன், அதைச் சொல்லவில்லை.

"பண்ணிராதீக, தங்கச்சி. சிலிண்டர்ல தண்ணி நிக்கும். காத்தை நசுக்கலாம், தண்ணிய நசுக்க ஏலாது. உள்ள இருக்க ராடு வளஞ்சு போயிரும். பேட்டரியக் கழட்டுங்க. பெறகு வண்டிய நல்ல தண்ணில முக்கி வைங்க."

"முக்கியா? இப்பத்தான பாய் தண்ணிக்குள்ளேருந்து எடுத்தோம்!"

"உப்புத் தண்ணி பட்ட எஞ்சின்ல காத்து பட்டாத்தான் துரு. நல்ல தண்ணிக்குள்ளயே கெடந்தா துரு ஏறாது. சனிக்கெழம சாயந்தரம் நான் வர்றேன், அதுவரைக்கும் வெளிய எடுக்காதீக."

குழந்தைகள் பெடல் படகு ஓட்டும் சிமெண்ட் தொட்டி சும்மாதான் இருந்தது. தண்ணீர் லாரி வரவழைத்து நிரப்பினோம். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் இறக்கினோம். மூடி இல்லாததால் அது பாட்டுக்கு மூழ்கியது. மூக்கு மட்டும் அடங்கவில்லை, மேலே மணல் மூட்டை வைத்தோம்.

இன்று வந்த சுற்றுலாக்காரர்கள் தொட்டியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர் இது ஏதும் பரிகாரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வின்சி நாள் முழுக்க அந்த மூடிகளைத் தேடினான். கொட்டகை, கருவிப் பெட்டி, மணல், எங்கும் இல்லை. நல்லவேளை, மாற்று ஜோடி ஒன்று பெட்டியில் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். "அதுக்கில்லக்கா. எங்க வச்சேன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்றான்.

அக்டோபர் 4, சனி

பூஜைத் தட்டை இன்றுதான் எடுத்துவைத்தேன். பொரி நமுத்துவிட்டது. தட்டை நானே கழுவினேன். வேறு விசேஷம் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

பாய் சொன்னபடி நேற்று இருட்டும் நேரத்தில் ஊர் வந்து சேர்ந்து, இன்று காலை கொட்டகைக்கு வந்துவிட்டார். ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் பல் துலக்கும் பிரஷ் நாலு. அவ்வளவும் எஞ்சின் துலக்க. வண்டியைத் தொட்டியிலிருந்து மேலே ஏற்றித் தண்ணீர் வடித்தோம். அவரும் வின்சியுமாக இருக்கையைக் கழற்றி, மூன்று ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிட்டு, வேறு பேட்டரி மாட்டினார்கள். "தங்கச்சி, தள்ளி நில்லுங்க" என்றார் பாய். எனக்கு யாரும் தள்ளி நிற்கச் சொல்வது பிடிக்காது. கிட்டப் போய் எட்டிப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினார். மூன்று ஓட்டையிலிருந்தும் தண்ணீர் பீச்சி அடித்து என் சுங்குடிச் சேலை முழுக்க நனைந்தது.

அதற்கப்புறம் ஆயில். உறிஞ்சி எடுத்தால் டீக்கடைப் பால் டீ நிறத்தில் வந்தது. ஆயிலோடு தண்ணீர் கலந்தால் அப்படித்தான் வருமாம். "பாலே இல்லாத கட்டஞ்சாயா நெறத்துக்கு வர்ற வரைக்கும் மாத்திக்கிட்டே இருக்கணும்" என்றார் பாய். புது ஆயில் ஊற்றி, சுற்றவிட்டு, மறுபடி உறிஞ்சினோம். இரண்டாவது முறையும் பால் டீதான், பால் கொஞ்சம் குறைவு.

வின்சிக்கு நண்டுக் குழம்பு கொண்டுபோனேன். வீட்டில் மிச்சமாகிவிட்டது. மிச்சமானதில் தனக்கு ஏன் ஒரு கால்கூடக் கிடைக்கவில்லை என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

அக்டோபர் 6, திங்கள்

காலை சீக்கிரமே போய்க் கொட்டகைக்குப் பின்னால் கொஞ்சம் மணலைக் கிளறிச் சமப்படுத்தினேன். குனிந்து நிமிர்வது இடுப்புக்கு நல்லது.

இன்று ஒயர் வேலை. ஒயர்களைச் சேர்க்கும் சின்னச் சின்ன முனைகள் எல்லாவற்றிலும் உப்பு பூத்திருந்தது. கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, பிரஷ் போட்டு, காயவைக்க வேண்டும். வெயிலில் காய இரண்டு நாள் ஆகுமாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பியூட்டி பார்லருக்குப் போய் முடி உலர்த்தும் மிஷினை வாங்கி வந்தேன். எந்தக் கல்யாணத்துக்கு என்று பார்லர்க்காரி கேட்டாள். வாட்டர் ஸ்கூட்டருக்கு என்று சொன்னால் தருவாளா? நாத்தனார் மகளுக்கு என்றேன். பாய் ஒயர்களைச் சீவி எடுத்துக் கொடுக்க, வின்சி உலர்த்த, நான் எந்த ஒயர் எங்கிருந்து வந்தது என்று சீட்டு எழுதி ஒட்டினேன். மூன்று பேரும் ஒரு பெண்ணை அலங்கரிப்பது மாதிரிதான் இருந்தது. வின்சி ஒரே ஒரு தரம் சிரித்தான். நாலு நாளில் முதல் தடவை.

முதல் தேதிப் பக்கத்தை இன்று திரும்பப் படித்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

வின்சி மூடிகளைக் கண்டெடுத்தான். கொட்டகைக்குப் பின்னால், மணலுக்குள். ஆச்சரியம்தான்.

எடுத்ததும் மனசு ஆறும் என்றுதான் நினைத்தேன். நினைத்தேன் என்றால், யாரும் அப்படித்தானே நினைப்பார்கள். அவன் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். "இங்கனதான் கழட்டிப் போட்டுருக்கேன்க்கா. போட்டதே நெனவில்ல. மூடினேன்னு இத்தன நாளா உள்ளுக்குள்ள ஒரு பிடி இருந்துச்சு. அதுவும் போச்சு" என்றான்.

சீனி பாய் ஒரு மூடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். திருகு வரிக்குள் நகத்தை விட்டுச் சுரண்டினார். நகத்தில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தம் கைலியில் நகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றப் போய்விட்டார். அந்த மனிதருக்கு எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கிற கெட்ட பழக்கம்.

ஞாயிறன்று சுற்றிய ஸ்டார்ட்டர் இன்று இறுகிப்போயிருந்தது. பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. மூன்றாவது ஆயிலும் மாற்றினோம், பால் இன்னும் குறைந்திருக்கிறது. மாலை நாலரைக்கு எஞ்சின் முதல் தடவையாகத் தும்மியது. ஒரே தும்மல். பிறகு நின்றுவிட்டது. நானும் பாயும் கையைத் தட்டினோம். பெட்ரோல் டாங்கிலும் கடல் புகுந்திருக்கிறது, முழுக்க வடித்துப் புதுசு ஊற்ற வேண்டும் என்றார் பாய்.

வின்சி கை தட்டவில்லை. வேலையை மட்டும் சுத்தமாகச் செய்கிறான். ஒரு திருகை முடுக்கிவிட்டு இரண்டாம் தரம் முடுக்கிப் பார்க்கிறான், மூன்றாம் தரமும் பார்க்கிறான். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பியவன் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து கொட்டகைப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான். முன்பெல்லாம் இப்படி இல்லை. எனக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

மழை. தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு மூன்று பேரும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். வின்சிக்கு அயிரை மீன் குழம்பு. வீட்டுக்காரர் இப்போது கேட்பதையே நிறுத்திவிட்டார்.

அக்டோபர் 10, வெள்ளி

ஓடிவிட்டது! ஓடிவிட்டது!

ஜும்மா தொழுகை முடிந்து பாய் வந்ததும் புதுப் பெட்ரோல் ஊற்றினோம். கரையில் வைத்து ஓட்டினால் சூடு தணிக்கத் தோட்டக் குழாயை வண்டியில் மாட்ட வேண்டும். குழாயை என் பொறுப்பில் விட்டார்கள். பாய் பொத்தானில் விரல் வைக்கும் முன்னே நான் குழாயைத் திறந்துவிட்டேன். முன்கூட்டியே செய்து வைப்பது என் சுபாவம்.

"நிப்பாட்டுங்க!" என்று பாய் அலறினார். இத்தனை நாளில் அவர் குரல் உயர்ந்ததே இல்லை. "மொதல்ல எஞ்சின் ஓடணும், பெறகு தண்ணி. நிறுத்தும்போது மொதல்ல தண்ணி, பெறகு எஞ்சின். எஞ்சின் ஓடாம தண்ணி விட்டா பொகை போற வழியா உள்ள போயிரும். வண்டிய இன்னொரு தடவ மூழ்கடிக்கப் பாக்குறீகளா, தங்கச்சி?"

இன்னொரு தடவை. அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. குழாயை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பொத்தானை அழுத்தினார். இருமியது, நின்றது. மறுபடி. மூன்றாம் தடவை உறுமிக்கொண்டு பிடித்தது பாருங்கள், குப்பென்று வெள்ளைப் புகை கொட்டகையை நிறைத்தது. பாய் விரலைக் காட்டினார், நான் குழாயைத் திறந்தேன். எல்லாம் முறைப்படி. மூடிய குடையோடு கவுண்டர் பக்கம் நின்ற ஒரு பள்ளிக்கூட டீச்சர்கூடக் கை தட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகைதான் என்று சொல்லலாம், ஆனால் புகை இல்லை.

வின்சி டீ வாங்கப் போன நேரம் பார்த்து பாய், "எஞ்சின் தேறிருச்சு, தங்கச்சி" என்றார். பிரஷைத் துடைத்துக்கொண்டே, "அவன் இன்னும் தேறல. அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல" என்றார்.

அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 11, சனி

ஐந்தாவது ஆயில் மாற்றம். கட்டஞ்சாயா. பாய் ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்றார். முதலாளி திங்கள்கிழமை நேரில் வருகிறார். வண்டி ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. யாரும் எதையும் கிளற வேண்டிய அவசியமே இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

கூட்டம். வாட்டர் ஸ்கூட்டர் எப்போது என்று கேட்டுக்கேட்டுப் பிய்த்துவிட்டார்கள்.

மதியம் சாப்பிடும்போது வின்சியிடம், நேர்முகத்துக்கு எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போகப் போகிறாய் என்று கேட்டேன். "போகலக்கா" என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான், ஊறுகாய் வேண்டாம் என்கிற மாதிரி. நான் எவ்வளவோ சொன்னேன். வண்டி ஓடிவிட்டது, கடிதம் கிடைக்கும், நாலு வருடக் கனவு என்றெல்லாம். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில், "ஒங்களுக்குப் புரியாதுக்கா. நீங்க எதையும் மறக்க மாட்டீக" என்றான்.

என் சோற்றைக் காக்கைக்கு வைத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

எழுதிவிடுகிறேன், உள்ளது உள்ளபடி.

பத்து மணிக்கு முதலாளி காரில் வந்து இறங்கினார். வின்சி மூடிகளைப் போட்டான், கைவிட்டுத் தடவினான், மறுபடி தடவினான், பாயையும் தடவிப் பார்க்கச் சொன்னான். அப்புறம் முதலாளியைப் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போய் வந்தான். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. முதலாளி நனைந்த பேண்டோடு சிரித்துக்கொண்டு இறங்கினார். "லெட்டர நீங்களே எழுதுங்கம்மா, நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

"லெட்டர் வேணாம் சார்" என்றான் வின்சி. "நான் அந்த வேலைக்குப் போகல. ரெண்டு மூடியக் கழட்டிப் போட்டுட்டு மறந்தவன், நாளைக்குக் கடல்ல முங்குற ஆளப் பாக்காம விட மாட்டேன்னு எப்படி சார் நம்புறது? நானே என்னைய நம்பல."

பாய் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக இந்தக் குழாமில் நான் ஒரு தப்பை ஒப்புக்கொண்டது கிடையாது. செய்யாமல் இல்லை.

"நீ மறக்கலடா. மூடிய நான்தான் கழட்டுனேன்" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வின்சி லேசாகச் சிரித்தான், அழுகிற மாதிரி. "விடுங்கக்கா. எனக்காகப் பழியப் போட்டுக்காதீக."

நம்பவில்லை! முதலாளியும், "நல்ல மனசும்மா ஒங்களுக்கு" என்கிறார்! என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன், ஒருத்தர்கூட ஏற்கத் தயாராக இல்லை. இதற்குமேல் அவமானம் உண்டா? கவுண்டருக்குப் போய் மேஜை இழுப்பிலிருந்து இந்த நாட்குறிப்பை எடுத்து வந்தேன். முதல் தேதிப் பக்கத்தைத் திறந்து அவன் கையில் கொடுத்தேன்.

படித்தான். உதடு அசைய, மெதுவாக. மூடிகள் வரும் இடத்தில் நின்று இரண்டாம் தரம் படித்தான். பக்கத்தைத் திருப்பினான். நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஆறாம் தேதிக்கு வந்ததும் தலையைத் தூக்கினான்.

"மணல்ல பொதச்சதும் நீங்கதானா?"

"ஆமா."

"தொண்ட கட்டிக்கிச்சா? பதினோரு நாளாவா தொண்ட கட்டிக்கிச்சு? பதினோரு நாளு நான் தூங்கலக்கா! எனக்குப் புத்தி பெசகிப்போச்சுன்னு எங்க அம்மாகிட்ட சொல்லி அழுதேன். நீங்க நண்டுக் கொழம்பு ஊத்திக்கிட்டு இருந்தீக!"

கரை முழுக்கக் கேட்கக் கத்தினான். பெடல் படகில் இருந்தவர்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் தலை குனிந்து நின்றேன். "தப்புதான். மன்னிச்சிரு" என்று இரண்டு தரம் சொன்னேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் ஒன்றையும் கவனித்தேன். அவன் முதுகு நிமிர்ந்திருந்தது. பதினோரு நாளில் முதல் தடவையாக.

நாட்குறிப்பை என் கையில் திணித்துவிட்டுப் போனான். முதலாளி பதிவேட்டைத் திருத்தச் சொன்னார். அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். பாய் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வர்றேன், தங்கச்சி. இனி தேறிரும்" என்றார்.

அக்டோபர் 14, செவ்வாய்

வின்சி வேலைக்கு வந்தான். வண்டி இறக்கும் முன் பின்னால் ஒரே ஒரு தரம் தடவிப் பார்த்தான்.

என்னிடம் பேசவில்லை. டிக்கெட் கட்டு தீர்ந்தபோது மட்டும் வந்து, "மேடம், புதுக் கட்டு வேணும்" என்றான். மேடமாம். நேற்று மாதிரி இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 15, புதன்

"மேடம், லெட்டர் நாளைக்குக் கெடைக்குமா?"

போகிறான்! அப்படியென்றால் போகிறான்! கிடைக்கும் என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குழம்பு எதுவும் கொண்டுபோகவில்லை. அதற்கு இப்போது எனக்கு யோக்கியதை இல்லை. வீட்டுக்காரர் இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

அக்டோபர் 16, வியாழன்

நன்னடத்தைக் கடிதம் என்பது எனக்கு ஒரு விஷயமே இல்லை. 'மேற்படி நபர் எனக்குத் தெரிந்தவரை ஒழுக்கமானவர்' என்று தூக்கத்தில்கூட எழுதுவேன். இன்று ஆறு தாள் கிழித்தேன். ஏழாவதில் எழுதி முடித்து, அடியில் 'எழுதியவர்: டிக்கெட் கவுண்டர் மங்களேஸ்வரி' என்று என் பெயரையும் போட்டு, முதலாளிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "கடைசி வரி கண்டிப்பா இருக்கணுமாம்மா?" என்று கேட்டார். இருக்கணும் சார் என்றேன். மதுரை பஸ்ஸில் கொடுத்தனுப்பிக் கையெழுத்தோடு மாலை வந்துவிட்டது. உறையை ஒட்டி வின்சியிடம் கொடுத்தேன். "தேங்க்ஸ் மேடம்" என்றான்.

அக்டோபர் 17, வெள்ளி

காலையிலிருந்து கவுண்டரில் மீதிச் சில்லறையைத் தப்பாகவே கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றே காலுக்குப் போன் வந்தது. பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.

"எடுத்துக்கிட்டாங்க. தீபாவளி கழிஞ்சு சேரச் சொல்லிட்டாங்க" என்றான்.

எனக்கு இந்த முறை நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது.

"நீச்சலப் பத்தியெல்லாம் ஒண்ணும் கேக்கல. லெட்டரப் பிரிச்சுப் படிச்ச ஆபீசர் கடைசி வரிக்கு வந்ததும் நின்னுட்டாரு. சத்தமாப் படிச்சாரு. 'நாலு வருடத்தில் இவர் பெயரில் ஒரே ஒரு தவறுதான் பதிவாகியிருக்கிறது; அது என்னுடையது.' ரூம்ல இருந்த அத்தன பேரும் சிரிச்சுட்டாங்க. என்ன விஷயம்னு கேட்டாங்க. வாழக்கன்னு, பொரித் தட்டு, பதினோரு போட்டோ எல்லாம் சொன்னேன். ஆபீசருக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, அப்படிச் சிரிப்பு."

"சிரிக்கட்டும்" என்றேன்.

"பெறகு, இந்த வரிய எழுதுனவங்க ஒனக்கு யாருப்பான்னு கேட்டாரு."

பஸ் ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. அது முடியும் வரை நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன்.

"எங்க அக்கா சார்னு சொன்னேன்."

போனை வைத்துவிட்டுக் கவுண்டர் கதவை ஐந்து நிமிடம் சாத்தி வைத்தேன். வெளியே டிக்கெட்டுக்கு நாலு பேர் நின்றார்கள். நிற்கட்டும்.